டிரில்லும் திடலும்

ஜூன் பிறந்துவிட்டால் சென்னை, கோவை, மதுரை என்று எந்த ஊர் அடுக்ககத்து வாசலிலும் புதுப் பதாகைகள் ஏறிவிடுகின்றன. கராத்தே, ஸ்கேட்டிங், ஜிம்னாஸ்டிக்ஸ், பரதம், சிலம்பம், நீச்சல் எல்லாவற்றின் அடியிலும் ‘3 வயது முதல்’ என்று ஒரு வரி இருக்கும். ஓர் இடத்தில் உட்காராமல் சோபாவிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து ஜன்னல் கம்பிக்கும் தாவிக்கொண்டே இருக்கும் பிள்ளையைப் பெற்றவர்கள் அந்த வரியைப் பார்த்து நின்றுவிடுகிறார்கள். எதில் சேர்ப்பது என்று யோசிக்கிறார்கள். கட்டணத்தையும் தூரத்தையும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் பள்ளி வயது வராத பிள்ளையின் ஓட்டத்தையும் தாவலையும் ஒரு வகுப்புக்குள் கொண்டுவரும் பழக்கத்துக்கே வயது ஏறத்தாழ இருநூறு ஆண்டுதான். அந்தக் காலம் முழுக்க இரண்டு வழிகள் போட்டியிட்டே வந்திருக்கின்றன. ஒன்றில் பெரியவர் கட்டளையிடுவார், பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்வார்கள். இதை டிரில் என்று வைத்துக்கொள்வோம். மற்றதில் பெரியவர் இடத்தையும் பொருள்களையும் ஒழுங்குசெய்து கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பார், என்ன செய்வது என்பதைப் பிள்ளை முடிவுசெய்யும்; இது திடல். டிரில் பெரும்பாலும் பெரியவர்களின் தேவையிலிருந்து பிறந்தது, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பயன்பட்டது திடல்தான் என்று இந்த வரலாறு காட்டுகிறது. ஆகவே கலையின் பெயரைவிட, உள்ளே நடப்பது இந்த இரண்டில் எது என்பதைத்தான் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டும்.

வகுப்பு வருவதற்கு முன்பும் சிறு பிள்ளையின் உடல் எப்படி வளர்கிறது என்பதைத் தமிழர் நுட்பமாகக் கவனித்திருக்கிறார்கள். காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரை பூட்டாத மூன்று கால் சிறுதேரை உருட்டுவதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் சொல்கிறார். அவரே பாடிய பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் செய்த சிறுதேரை உருட்டித் தளர்நடை நடந்து களைத்த குழந்தை, செவிலியிடம் பால் குடித்துத் தூங்கிப்போகிறது. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் கையில் தனி இலக்கிய வகையாக உருவெடுத்த பிள்ளைத்தமிழ், இந்தக் கவனிப்பைப் பருவங்களாகவே வகுத்துவிட்டது. செங்கீரையில் கையூன்றித் தலையசைக்கும் குழந்தை சப்பாணியில் கைகொட்டுகிறது, வாரானையில் தத்தி வருகிறது, பிறகு ஆண்பாலில் சிறுபறை கொட்டிச் சிறுதேர் உருட்டுகிறது, பெண்பாலில் அம்மானையும் ஊசலும் ஆடுகிறது. பாடப்படுவது அரசனோ தெய்வமோ, யாராக இருந்தாலும் புலவர் பெரும்பாலான பருவங்களில் குழந்தையைக் கெஞ்சித்தான் அழைக்கிறார். ஒரு பருவத்துக்கு முன்னால் அடுத்ததைக் கேட்பதும் இல்லை. தெருவிலும் இதே பொறுமைக்கு ஒரு முறை இருந்தது. பெரிய பிள்ளைகளின் ஓடிப்பிடித்தல் ஆட்டத்தில் நாலு வயதுப் பொடிசை உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். பின்னாலேயே ஓடும், ஒளியும், கத்தும். தொட்டாலும் அவுட் கிடையாது. கால் உறுதிப்பட்டு விதியும் புரிந்த பிறகு தானாகக் கணக்கில் வரும். முறையான பயிற்சி அதற்குப் பின்னால்தான். கேரளக் களரிகளில் பிள்ளையைச் சேர்க்கும் வயது மரபாக ஏழு.

இன்றைய வகுப்பின் நேரடி முன்னோர் இருப்பது ஜெர்மனியில். 1793-இல் குட்ஸ்மூட்ஸ் என்ற ஆசிரியர் இளைஞர்களுக்கான உடற்பயிற்சி நூலை வெளியிட்டார். 1806-இல் நெப்போலியனிடம் பிரஷ்யா தோற்ற பிறகு அந்தப் பயிற்சிக்கு அரசியல் வேகம் வந்தது. ஃப்ரீட்ரிக் லுட்விக் யான் 1811-இல் பெர்லினுக்கு வெளியே ஹாசன்ஹைடெயில் திறந்தவெளிப் பயிற்சிக்களம் ஒன்றை அமைத்தார். இன்று ஒலிம்பிக்கில் பார்க்கும் இணைக்கம்பியும் கிடைக்கம்பியும் அங்கிருந்துதான் பரவின. அடிமைப்பட்ட நாட்டுக்குப் போர்வீரர்களை உருவாக்குவதே யானின் நோக்கம், அதை அவர் மறைக்கவும் இல்லை. 1813-இல் லுட்சோவின் தன்னார்வப் படையில் அவர் ஒரு பட்டாளத்தை நடத்தினார். அதே படையில் சேர்ந்திருந்த இன்னொருவர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல். போர் முடிந்ததும் இருவர் வழியும் பிரிந்தது. ஃப்ரோபெல் 1837-இல் பாட் பிளாங்கன்புர்க் என்ற சிற்றூரில் சிறு பிள்ளைகளுக்கான நிலையத்தைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். அங்கே பந்தும் கட்டைகளும் தோட்டப் பாத்திகளும் இருந்தன. பிள்ளைகள் வட்டமாகக் கைகோத்துப் பறவையாகவும் மீனாகவும் ஆலைச் சக்கரமாகவும் மாறி ஆடும் ஆட்டங்களும் இருந்தன. வட்டம் இருந்தாலும் அதற்குள் ஒவ்வொரு பிள்ளையின் சிறகடிப்பும் வேறாக இருக்க இடம் விடப்பட்டிருந்தது. ஒரே படையிலிருந்து வந்த இருவரில் ஒருவர் படைக்கு ஆள் தயாரித்தார், மற்றவர் ஆட்டத்துக்கு இடம் தயாரித்தார்.

பிரஷ்ய அரசு இரண்டையும் சந்தேகித்தது. 1820-இல் யானின் பயிற்சிக்களங்கள் அரசியல் சதிக்கூடங்கள் என்று தடைசெய்யப்பட்டன. 1842 வரை அந்தத் தடை நீடித்தது. 1851-இல் கிண்டர்கார்டன்கள் நாத்திகமும் சோஷலிசமும் வளர்ப்பதாகத் தடைக்கு உள்ளாயின. ஃப்ரோபெலின் உறவினர் ஒருவர் எழுதியதை அவர் எழுதியதாக அதிகாரிகள் குழப்பிக்கொண்டதும் இதற்கு ஒரு காரணம். மறு ஆண்டே அவர் இறந்துவிட்டார், தடை நீங்கியது 1860-இல்தான். தடைகளுக்குப் பிறகு இரண்டுக்கும் கிடைத்த வாழ்வு ஒரே அளவில் இல்லை. உடற்பயிற்சியைப் பள்ளிக்குள் கொண்டுவந்த அரசுகள் பெரும்பாலும் கட்டளை முறையையே எடுத்துக்கொண்டன, ஏனெனில் அதற்கு இடம் அதிகம் வேண்டாம், அறுபது பிள்ளைகளுக்கு ஒருவர் போதும், முடிவைக் கண்ணால் பார்த்து அளக்கலாம். போயர் போருக்கு ஆள் எடுத்தபோது உடல் தகுதியில்லாமல் திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்களின் எண்ணிக்கை பிரிட்டனைக் கலங்கவைத்தது. 1902-இல் பள்ளிகளுக்கென்று வெளிவந்த மாதிரிப் பாடத்திட்டம் போர் அலுவலகத்தின் உதவியோடு, ராணுவப் பயிற்சியை ஒட்டியே எழுதப்பட்டது. பிள்ளைகளைச் சிப்பாய்களாக நடத்துகிறது என்ற எதிர்ப்பு கிளம்பியதால் இரண்டே ஆண்டில் அதை மாற்ற வேண்டிவந்தது. ஆனாலும் அந்த மனப்பான்மை காலனி நாடுகளின் பள்ளிகளில் நிலைத்துவிட்டது. தமிழ்ப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியருக்கு ‘டிரில் மாஸ்டர்’ என்ற பெயர் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியை ஹாரி குரோ பக் தொடங்கிய பிறகு, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வந்தார்கள், விளையாட்டுகளும் வந்தன. பெயர் மட்டும் மாறவில்லை.

சிறு பிள்ளைகளைப் பொறுத்தவரை டிரிலுக்கு எதிரான சாட்சியம் பிரிட்டனிலேயே எழுதப்பட்டது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் அப்போது ஆயிரக்கணக்கில் தொடக்கப் பள்ளிகளில் படிக்கட்டு இருக்கைகளில் வரிசையாக உட்காரவைக்கப்பட்டிருந்தார்கள். 1905-இல் ஐந்து பெண் ஆய்வாளர்கள் அந்தப் பள்ளிகளைப் பார்வையிட்டுத் தந்த அறிக்கை, இந்த வயதில் இயந்திரத்தனமான பாடத்தால் அறிவுக்குப் பயன் ஏதும் இல்லை என்று சொன்னது. 1914-இல் மார்கரெட், ரேச்சல் மக்மில்லன் சகோதரிகள் லண்டனின் ஏழைப் பகுதியான டெப்ட்ஃபோர்டில் திறந்தவெளி மழலையர் பள்ளியை நிறுவினார்கள். ஒரு பக்கம் திறந்த கொட்டகைகள், நடுவில் தோட்டம், மேடு பள்ளம், படிகள், மரங்கள். கல்லும் தகரமும் பழைய பாத்திரமும் குவிந்த ஒரு குப்பைமேடும் பள்ளிக்கு அவசியம் என்று மார்கரெட் 1919-இல் எழுதினார். பயிற்சி ஆசிரியர் என்று தனியாக யாரும் வேண்டியிருக்கவில்லை. ஏறவேண்டிய மேடு ஏறவைத்தது.

இதை மிகத் துல்லியமாக வாதிட்டவர் மரியா மாண்டிசோரி. 1907-இல் ரோம் நகரின் சான் லோரென்சோ குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த அவர், இரண்டு ஆண்டு கழித்து எழுதிய நூலில் உடற்பயிற்சிக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அன்றைய பள்ளி டிரிலைக் கட்டாயத்தின் மறுபெயராகவே அதில் பார்த்தார். மாற்றாக அவர் சொன்ன கருவிகளில் ஒன்று ஒரு வேலி. புல்வெளியைக் காக்கக் கட்டியிருந்த கம்பிவேலியில் பிள்ளைகள் கீழ்க் கம்பியில் காலை வைத்து, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து விளையாடுவதை அவர் கண்டிருந்தார். திட்டி இறக்கிவிடும் குறும்பு என்றுதான் மற்றவர்கள் பார்த்திருப்பார்கள். மருத்துவரான அவர் அதில் உடற்கூற்றைப் பார்த்தார். சிறு பிள்ளைக்கு உடம்பு நீளம், கால் குட்டை. அந்தக் கால்கள் முழு எடையையும் சுமந்து வெகுநேரம் தாங்காது. கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி நகரும்போது எடையின் ஒரு பங்கைக் கைகள் வாங்கிக்கொள்கின்றன, கால்கள் சோர்வில்லாமல் பழகுகின்றன. தனக்கு வேண்டிய பயிற்சியைப் பிள்ளையே கண்டுபிடித்திருந்தது. மாண்டிசோரி செய்தது, அதே அமைப்பில் பாதுகாப்பான இணைக்கட்டை வேலி ஒன்றைப் பள்ளி முற்றத்தில் நட்டதுதான். 1939 நவம்பரில் அவர் சென்னைக்கு வந்து அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர் பயிற்சி தொடங்கியபோது, தரையில் நீள்வட்டக் கோடு வரைந்து அதன்மேல் நடக்கும் பயிற்சியும் இங்கே வந்தது. போர் காரணமாக இத்தாலியரான அவரால் உடனே ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்ததால், கொடைக்கானலிலும் சென்னையிலும் அந்த முறையில் பயிற்சி பெற்ற ஒரு தலைமுறை ஆசிரியர்கள் உருவானார்கள். இன்றும் பல மழலையர் பள்ளிகளின் தரையில் அந்தக் கோடு இருக்கிறது, பெரும்பாலும் வரிசையில் நிற்கவைக்கத்தான் பயன்படுகிறது.

முன்கூட்டியே பயிற்சி கொடுத்தால் லாபமா என்பதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. 1929-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்ட் கெசெலும் ஹெலன் தாம்ப்சனும் ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒரு குழந்தைக்கு 46 வார வயதில் மாடிப்படி ஏறப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். ஆறு வாரம் நாள்தோறும் பயிற்சி. மற்றக் குழந்தைக்கு 53-ஆவது வாரம் வரை ஒன்றுமில்லை, பிறகு இரண்டே வாரம். அந்த இரண்டு வாரத்தில் தாமதமாகத் தொடங்கியவள் முன்னால் தொடங்கியவளை எட்டிப்பிடித்துவிட்டாள். சில ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் மிர்ட்டில் மெக்ரா, ஜானி, ஜிம்மி என்ற இரட்டையரில் ஜானிக்கு மட்டும் நீச்சல், சரிவேற்றம், உருளைச் சறுக்கு எல்லாம் கற்பித்தார். பதினாறு மாதம் நிரம்புமுன் சறுக்கிய ஜானியைப் பத்திரிகைகள் அதிசயக் குழந்தை ஆக்கின. ஆனால் 1935-இல் வெளிவந்த மெக்ராவின் நூல் அத்தனை எளிமையாகப் பேசவில்லை. மூன்று சக்கர வண்டியை ஓட்டவைக்கப் பல மாதம் போராட வேண்டியிருந்தது; கற்ற சறுக்கும் உடல் வளர்ந்து எடையின் நடுப்புள்ளி மாறியபோது தடுமாறியது. இருந்தாலும் ஜானியின் அசைவுகளில் ஒரு லாவகமும் துணிச்சலும் தங்கியதாக அவர் பதிவுசெய்தார். எல்லாப் பயிற்சியும் வீண் என்று இந்தச் சோதனைகளைப் படிப்பது தவறு. ஒரு குறிப்பிட்ட திறனை முந்திக்கொண்டு புகுத்துவதால் நிற்கும் லாபம் சொற்பம், ஏறவும் சறுக்கவும் தாராளமாகக் கிடைத்த வாய்ப்பு உடம்பில் தங்குகிறது என்பதுதான் இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது.

இன்று நம் ஊரில் கிடைக்கும் வணிக வகுப்பின் பிறந்த ஆண்டு 1976 எனலாம். கலிஃபோர்னியாவில் ஜோன் பார்ன்ஸ் ஜிம்போரியைத் தொடங்கினார், வாஷிங்டன் மாநிலத்தில் ராபின் வெஸ் லிட்டில் ஜிம்மைத் தொடங்கினார். ஜிம்போரியில் தாயும் தகப்பனும் பிள்ளையோடு உள்ளேயே இருந்தார்கள், மெத்தைகளும் சரிவுகளும் வண்ணப் பந்துகளும் இருந்தன. போட்டி இல்லாத உடற்பயிற்சி என்பது வெஸ்ஸின் கொள்கை. இரண்டுமே திடல் வழியின் வாரிசுகள். வாகனங்களுக்குத் தெருவையும் வேலைக்குப் பகலையும் கொடுத்துவிட்ட நகரக் குடும்பங்களுக்கு இடமும் நேரமும் விற்றவை. அதே ஆண்டு மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் 14 வயது நாடியா கோமனெச்சி முழுப் பத்து மதிப்பெண் எடுத்தார். ஆறு வயதில் பயிற்சியாளர் கண்ணில் பட்டவர் என்ற கதை உலகமெங்கும் பரவி, சீக்கிரம் தொடங்கினால்தான் சிகரம் தொடலாம் என்ற நம்பிக்கைக்கு ஒரு முகம் கொடுத்தது. ஆக அந்த ஓர் ஆண்டிலேயே திடலும் டிரிலும் புதுச் சட்டை போட்டுக்கொண்டன. பின்னாளில் நம் ஊருக்கு வந்த பல மையங்களில் மெத்தையும் வண்ணமும் முதலாவதிலிருந்தும், வரிசையும் சான்றிதழும் இரண்டாவதிலிருந்தும் கலந்தே இருப்பதால்தான் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை.

சீக்கிரம் தொடங்காவிட்டால் வாய்ப்புப் போய்விடும் என்பதுதான் இதற்கு எழும் முதல் எதிர்வாதம். நாடியாவையும் இசை, நடனக் குடும்பங்களையும் சாட்சிக்கு அழைப்பார்கள். ஆனால் ஜிம்னாஸ்டிக்ஸ் உலகமே தன் அனுபவத்திலிருந்து எதிர்த்திசையில் நகர்ந்திருக்கிறது. பெண்கள் சர்வதேசப் போட்டிக்கான குறைந்தபட்ச வயது 1981-இல் 15 ஆகவும் 1997-இல் 16 ஆகவும் உயர்த்தப்பட்டது. வளரும் உடம்பின்மேல் விழும் சுமையைப் பற்றிய கவலையே அதற்குக் காரணம். கலைக் குடும்பத்துப் பிள்ளையும் மூன்று வயதில் பெற்றது வகுப்பு என்று சொல்ல முடியாது. வீட்டில் நாளெல்லாம் தாளம் கேட்டது, பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்தது, நினைத்தபோது நடுவில் புகுந்து ஆடியது. அது உப்புக்குச் சப்பாணியின் இன்னொரு வடிவம். வாரம் இரண்டு மணி நேரம் அடவைத் திருப்பித் திருப்பிச் செய்யவைப்பது அந்தச் சூழலுக்கு ஈடாகாது. நீச்சலை மட்டும் இந்த வாதத்திலிருந்து விலக்கிவைக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் முன்பு நான்கு வயதுக்கு மேல்தான் நீச்சல் வகுப்பைப் பரிந்துரைத்தது. சிறு வயதில் கற்றவர்கள் நீரில் மூழ்கும் ஆபத்து குறையலாம் என்று ஆய்வு காட்டியதால் 2010-இல் அந்த நிலைப்பாட்டைத் தளர்த்தியது. கிணறும் குளமும் கடலும் உள்ள நாட்டில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பெரியவர் கண்காணிப்புக்கு மாற்றாக ஆகாதவரை, நீச்சலைச் சீக்கிரம் தொடங்குவதற்கு நியாயம் இருக்கிறது.

திடல் திடல் என்கிறீர்களே, நகரத்தில் அது எங்கே இருக்கிறது என்பது அடுத்த எதிர்வாதம். தெருவில் கார், பூங்காவில் ‘புல்மீது நடக்காதீர்கள்’ பலகை, வீட்டில் 600 சதுர அடி. இதில் உண்மை இருக்கிறது. பழைய தெருவைப் புனிதமாக்குவதும் தவறு. யார் பிள்ளை எந்தத் தெருவில் ஓடலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது, பெண் பிள்ளைகளின் ஓட்டம் திண்ணையோடு சீக்கிரமே முடிந்தது. கட்டணம் கட்டினால் எந்தப் பிள்ளையும், பெண் பிள்ளையும் தலைகீழாக நிற்கலாம் என்ற இன்றைய வகுப்பு அந்த வகையில் ஒரு முன்னேற்றமே. கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அதில் இடமில்லை என்பதும் அதன் குறை. ஆனால் இடமில்லை என்பதற்கு வகுப்பு எவ்வளவு தூரம் விடையாகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சிரைக்கும் வேகத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வாரத்துக்கு அது 1,260 நிமிடம். வாரம் இரு முறை 45 நிமிட வகுப்பு 90 நிமிடம்தான், தேவையில் ஏழு சதவீதம். அதிலும் பதினைந்து பிள்ளைகள் ஒரே சமநிலைக் கட்டையில் ஏற வரிசையில் நின்றால் ஒருவர் பங்கு மூன்று நிமிடம்தான். மீதித் தொண்ணூற்று மூன்று சதவீதத்தை மொட்டை மாடியும் படிக்கட்டும் கடைக்கு நடந்து போகும் வழியும் கடற்கரை மணலும்தான் தர முடியும். வகுப்பில் சேர்த்துவிட்டோம் என்ற நிம்மதியில் அவை குறைந்துபோனால் பிள்ளைக்கு நட்டமே.

துறுதுறுவென்று இருப்பதை அடக்கத்தான் கராத்தேயில் சேர்க்கிறோம், கட்டுப்பாடு வேண்டாமா என்று கேட்பவர்கள்தான் அதிகம். டிரிலின் நெடுங்கால ஈர்ப்பும் இதுவே. 1902-இன் பாடத்திட்டமும் படிக்கட்டு இருக்கைகளும் இதே வாக்குறுதியைத்தான் கொடுத்தன. கவனம், பொறுமை, விதிக்குக் கட்டுப்படுதல் ஆகியவை பிள்ளைக்கு வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. அவை எதனால் வளர்கின்றன என்பதில்தான் கருத்து வேறுபாடு. கம்பிவேலியில் நகரும் பிள்ளை கண்ணைக் கையிலிருந்து எடுப்பதில்லை. கால் வைக்குமுன் யோசிக்கிறது. முன்னால் இருப்பவன் நகரும்வரை காத்திருக்கிறது. தானே எடுத்துக்கொண்ட வேலையில் அது காட்டும் இந்த அடக்கத்தை மாண்டிசோரி பயிற்சியின் பலனாகவே கருதினார். பிறர் கட்டளைக்கு அசையாமல் நிற்பது அந்தக் கட்டளை இருக்கும்வரைதான் நிலைக்கும். ஒரு நல்ல கராத்தே ஆசிரியர் மூன்று வயதுப் பிள்ளைகளை மிருகங்களாக ஊர்ந்தும் குதித்தும் விளையாடவிட்டு, இடையில் இரண்டு நிமிடம் மட்டும் வரிசையில் நிறுத்துவார். அங்கே பெயர் கராத்தே, நடப்பது திடல். ‘குழந்தைகள் ஜிம்’ என்ற பெயரில் நாற்பது நிமிடம் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணவைக்கும் இடமும் உண்டு. கலையின் பெயரைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

எனவே பெற்றோர் செய்ய வேண்டியது ஒரு மாதிரி வகுப்பைக் கடைசி வரை உட்கார்ந்து பார்ப்பது. ஆசிரியர் எவ்வளவு அழகாகச் செய்துகாட்டுகிறார் என்பதைவிட, வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளை எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற, தொங்க, உருள, சமநிலை பார்க்க வெவ்வேறு உயரத்தில் பொருள்கள் இருக்கின்றனவா, ஒரு பிள்ளை மறுத்தால் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் பிறகு சேர விடுகிறார்களா, நாலு வயதும் ஆறு வயதும் கொஞ்ச நேரமாவது கலந்து விளையாடுகின்றனவா என்று பார்க்கலாம். ஆண்டு விழாவுக்கும் பெல்ட் தேர்வுக்கும் எத்தனை வாரம் ஒத்திகை போகிறது என்று நேராகவே கேட்டுவிடலாம். அந்த வாரங்கள் பெரியவர்கள் பார்ப்பதற்காகச் செலவாகின்றன. விழுந்தால் தாங்கும் மெத்தையும் முதலுதவியும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குப் போதுமான ஆட்களும் இருப்பது பேரத்துக்கு இடமில்லாத நிபந்தனை. இவை இருந்தால் வீட்டுக்கு அருகிலுள்ள, கட்டணம் குறைந்த இடமே போதும், மிச்சமாகும் பணத்தையும் பயண நேரத்தையும் மாலையில் வெளியே கூட்டிப்போகச் செலவிடலாம். இவை இல்லாத இடத்தில் சேர்ப்பதைவிட எங்கும் சேர்க்காமல் இருப்பதே மேல். எந்தக் கலை என்பதை ஏழு வயதில் பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளலாம்.